தட்டிப் பார்த்துட்டு வண்டியை எடு

சங்ககிரியில் லோடு மேலே ஏறித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்து மல்லாக்க விழுந்தேன், தண்டுவடம் போனது. அப்போது வயது இருபத்தாறு, இப்போது ஐம்பத்தைந்து. தொப்புளுக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்பதில்லை. எங்கள் சேலம், நாமக்கல் சீமையில் விழுவதற்கு இடத்துக்கா பஞ்சம்? கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, தென்னை, புளிய மரம், போர் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டி, தொப்பூர் கணவாய், அப்புறம் ராத்திரி பத்து மணிக்குப் பைக்கில் பறக்கிற பயல்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பத்துப் பதினைந்து நாள் ஆனதும் அப்பனும் ஆத்தாளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். "ஏனுங்க, எங்க பையனுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். ரெண்டு வார்த்தையில் அடங்குகிற சமாச்சாரமா இது? அதனால் எழுதி வைத்துவிட்டேன். தம்பிக்கும் சரி, அம்மிணிக்கும் சரி, இதுதான்.

1. கிளீனர் வேலைக்குப் போன முதல் நாள் டிரைவர் அண்ணன் என் கையில் ஒரு கட்டையைக் கொடுத்தார். வண்டி நின்ற இடத்திலெல்லாம் இறங்கி ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்க்க வேண்டும். காற்று இருந்தால் ஒரு சத்தம், இறங்கியிருந்தால் வேறு சத்தம். டயருக்கு வலிக்காது, அது வாய் திறந்து சொல்லவும் சொல்லாது. நாம்தான் தட்டிக் கேட்க வேண்டும். உன் இடுப்பும் காலும் இனி அந்த டயர்தான். கல் குத்தினாலும் சுட்டாலும் அழுகினாலும் உனக்குத் தெரியாது. இதுவரை வலி பார்த்துக்கொண்டிருந்த வேலையை இனி கண்ணும் கையும் கடிகாரமும் பார்க்க வேண்டும். கீழே சொல்லப்போகிற முக்கால்வாசி இதிலிருந்து வருவதுதான்.

2. படுக்கைப் புண். நம்மில் பலரைக் கொண்டுபோனது தண்டுவடம் இல்லை, இந்தப் புண்தான். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கினால் அங்கே ரத்தம் ஓடாது. மற்றவர்கள் தூக்கத்திலேயே புரண்டு படுத்துவிடுவார்கள். உனக்கு அந்தச் சேதி மேலே வராது. அதனால் படுத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பிப் படு. உட்கார்ந்திருந்தால் கால் மணி, இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி அரை நிமிஷம் நிறுத்து. கையில் அவ்வளவு தெம்பு இல்லையென்றால் முன்பக்கம் குனி, இல்லை பக்கவாட்டில் சாய். தினமும் காலையும் ராத்திரியும் ஒரு முகக் கண்ணாடியை எடுத்து வாலெலும்பு, இரண்டு பிட்டம், இடுப்பெலும்பு, குதிகால் எல்லாம் பார்த்துவிடு. சிவப்பாகத் தெரியும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நம் கறுத்த தோலில் சிவப்பு எங்கே தெரியும்? சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்திருந்தாலோ, புறங்கையை வைத்தால் சூடாக இருந்தாலோ, அழுத்தினால் கெட்டியாக இருந்தாலோ கெடுதல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் பாரம் விழாமல் படுத்துக்கொள். கல்யாணம் கருமாதி என்று எதற்காகவும் எழுந்து உட்காராதே.

முதல் தடவை எனக்கு வந்தது பிட்டத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவு. வீட்டில் கயிற்றுக் கட்டில், அதன்மேல் ஒரு ஜமுக்காளம். "சின்னதுதானே, மஞ்சள் வைத்தால் ஆறிடும்" என்றார்கள். வெளியே நாணயம் அளவுதான், உள்ளே எலுமிச்சம்பழம் போகிற குழி. நான்கு மாதம் குப்புறப் படுத்தேன். அந்த நான்கு மாதமும் தரையில் ஊர்ந்த எறும்புகளைத் தவிர வேறு ஒன்றும் பார்க்கவில்லை. முன்னாலிருந்த ஆஸ்பத்திரியில் எலும்புக்குக் கம்பி வைத்து அனுப்பினார்களே தவிர, திருப்பிப் படுக்க வேண்டும் என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை.

புண் ஆற வேண்டுமென்றால் புரதம் வேண்டும். நாமக்கல்லில் இருந்துகொண்டு முட்டைக்கு யோசிக்காதே.

3. கயிற்றுக் கட்டிலைத் தூக்கிப் பரணில் போடு. காற்று மெத்தை வாங்கினாலும் இரண்டு மணி நேரக் கணக்கு மாறாது. கரண்ட் போனால் மெத்தையும் போச்சு.

4. மூத்திரம். இதைப் பேச வெட்கப்பட்டவன் சிறுநீரகத்தைத் தொலைப்பான். பை நிறைந்தது உனக்குத் தெரியாது, தானாகக் காலியும் ஆகாது. தேங்கி நின்றால் கிருமி, கல், கடைசியில் மேலே ஏறிக் கிட்னி. ஆஸ்பத்திரியில் நிரந்தரமாக டியூப் போட்டு அனுப்பியிருப்பார்கள். டாக்டரிடம் கேட்டு, கை வேலை செய்கிறவர்கள் நாலு மணி முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தாமே டியூப் விட்டு எடுக்கிற முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் லாபிடஸ் என்ற டாக்டர் 1972-ல் இதை எழுதியபோது கிருமி நீக்கிய கையுறை இல்லாமல் எப்படி என்று பலர் எதிர்த்தார்கள். சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும், நேரத்துக்குக் காலி செய்வதுதான் முக்கியம் என்றார் அவர். இன்று உலகம் முழுக்க அதுதான் நடைமுறை. ஒரு தடவைக்கு நானூறு மில்லிக்கு மேல் வந்தால் நேரத்தைக் குறைத்துக்கொள். அளக்க ஒரு பழைய குவார்ட்டர் பாட்டில் போதும், இரண்டு நிறைந்தால் முந்நூற்று அறுபது. (அது நம் வீட்டில் எப்படி வந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை.)

கல்யாணத்துக்குப் போகும் நாளில் தண்ணீர் குடிக்காமல் போகிற வேலையை விட்டுவிடு. நாள் முழுக்கப் பார்த்தால் இரண்டு லிட்டராவது உள்ளே போக வேண்டும். நமக்கு எரிச்சல் தெரியாது என்பதால் வேறு அடையாளம் பார்க்க வேண்டும். மூத்திரம் கலங்கலாகப் போகும், நாற்றம் மாறும், கால் வழக்கத்தைவிட அதிகம் வெட்டும், குளிர் ஜுரம் வரும். ஜுரம் வந்தால் மெடிக்கலில் மாத்திரை கேட்டு வாங்காமல் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு மருந்து எடு.

5. வெளிக்குப் போவதற்கு ஒரு நேரம் வைத்துக்கொள். தினமும், அல்லது ஒன்றுவிட்டு ஒருநாள், அதே நேரம். சாப்பிட்டு அரைமணி கழித்து உட்கார்ந்தால் குடல் தானே அசையும். பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவே ஓட்டை போட்டு விளிம்பை ரப்பரால் சுற்றினால் பத்து நிமிஷத்தில் டாய்லெட் சேர். ஒரு மாதம் பிடிவாதமாக இரு, உடம்பு பழகிவிடும்.

6. இது கழுத்தில் அடிபட்டவர்களுக்கும், நெஞ்செலும்பு முடியும் இடத்துக்கு மேலேயே உணர்வு போனவர்களுக்கும். வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டு.

ராசிபுரம் பக்கம் ஒரு பையன். ராத்திரி பதினோரு மணிக்குத் திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலி. முகம் செக்கச் செவேலென்று வியர்த்துக் கொட்டுகிறது, கையில் மயிர்க்கூச்சம். ஆத்தா திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். தலைவலிதானே என்று மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். போன் வந்ததும் நான் கேட்டது ஒன்றுதான். "டியூப் எங்க இருக்கு பாருங்க." தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்திருக்கிறது. நிமிர்த்திவிட்டதும் பை நிறைய மூத்திரம் இறங்கியது, கொஞ்ச நேரத்தில் தலைவலியும் போனது. கீழே ஏதோ தொந்தரவு என்று உடம்பு கத்துகிறது, அந்தச் சத்தம் மூளைக்குப் போய்ச் சேராமல் ரத்த அழுத்தம் மட்டும் எகிறுகிறது. அப்படியே விட்டால் மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கும். முதல் வேலை, படுத்திருப்பவரை நிமிர்த்தி உட்கார வை, காலைத் தொங்கவிடு. இடுப்புக் கயிறு, பெல்ட் எல்லாம் தளர்த்து. டியூப் மடங்கியிருக்கிறதா, மலம் அடைத்திருக்கிறதா, எங்கேயாவது புண், நகம் உள்ளே வளர்ந்திருக்கிறதா என்று பார். அடங்கவில்லையென்றால் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடு. இதைத் தமிழில் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள். சின்ன ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டியில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பியிருக்காதே.

7. சூடு. சித்திரை வெயிலில் அடிபட்ட மட்டத்துக்குக் கீழே உனக்கு வியர்க்காது. கழுத்தில் அடிபட்டவர்களுக்கு உடம்பு ஓட்டு வீட்டைப்போலச் சூடேறும். ஈரத்துண்டும் தண்ணி தெளிக்கிற பாட்டிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஸ்கூட்டர் சைலன்ஸரில் கால் உரசியது, மடியில் வைத்த சூடான சாப்பாட்டுப் பாத்திரம், வெயிலில் நின்ற வீல்சேரின் இரும்புக் கம்பி என்று தீக்காயத்துக்கு ஆயிரம் வழி. குளிக்கிற தண்ணீரை முழங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுக் காலில் ஊற்று.

8. ஒருநாள் கால் தானாக வெட்டி இழுக்கும். வீடே கும்பிட்டு அழும், உணர்வு வந்துவிட்டது என்று. வரவில்லை கண்ணு. மேலிருந்து கட்டுப்பாடு இல்லாமல் கீழ்த் தண்டுவடம் தானாகச் செய்கிற வேலை அது. உண்மையிலேயே கொஞ்சம் திரும்பி வருகிறவர்களும் உண்டு, பெரும்பாலும் முதல் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள். அதைத் தசையைத் தொட்டுச் சோதித்து டாக்டர் சொல்லட்டும்.

இந்த நேரத்தில்தான் எண்ணெய்க்காரரும் வேர்க்காரரும் வாசலுக்கு வருவார்கள். எண்ணெய் தேய்ப்பதில் கெடுதல் இல்லை, அழுத்தித் தேய்த்துத் தோலைப் புண்ணாக்காதவரை. ஆனால் அறுந்த தண்டுவடத்தை எந்த எண்ணெயும் ஒட்டாது. லட்சக்கணக்கில் கேட்கிற ஸ்டெம்செல் ஊசி பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, தண்டுவடக் காயத்துக்கு அதை முறையாகப் பதிவு செய்த ஆராய்ச்சியில்தான் கொடுக்கலாம். ஆராய்ச்சி என்றால் உன்னிடம் காசு வாங்கக்கூடாது. என் மாமனார் வேறொரு வைத்தியத்துக்கு ஒன்றே கால் ஏக்கர் கரும்புக் காட்டை விற்றார். அந்தக் காட்டு வழியாக இப்போதும் போகிறேன். கரும்பு நன்றாக விளைகிறது.

9. முதல் வருஷத்தில் எந்த முடிவும் எடுக்காதே. செத்துவிடலாம் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. அதை மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் யாரிடமாவது சொல். வீட்டில் முடியாவிட்டால் 104-க்குப் போன் பண்ணு, என் வீட்டுக்கும் பண்ணலாம்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடி ராமகிருஷ்ணன் இருக்கிறார். கோவையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் பெங்களூர் போனார். உயரத்திலிருந்து குதிக்கிற சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவு போனது. அவருக்கு வைத்தியம் பார்த்த விமானப்படை டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரில் அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கினார். ஆரம்பத்தில் ஓலைக் கொட்டகையில் சில பிள்ளைகள்தான். 2020-ல் பத்மஸ்ரீ வாங்கினார். பத்மஸ்ரீயை விடு. 1975-க்கும் 1981-க்கும் நடுவில் எத்தனை வருஷம் என்று எண்ணிப் பார். நீ ஆறு மாதத்தில் கணக்கை முடிக்கப் பார்க்கிறாய்.

வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டரம்மா இருந்தார். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே போனது. வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966-ல் பாகாயத்தில் திறந்த மறுவாழ்வு நிலையத்தை நடத்தியவர் அவர்தான். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு எப்படித் தாவுவது, டியூப் எப்படி விடுவது என்றெல்லாம் உனக்குச் சொல்லித்தர அப்படிப்பட்ட இடம் ஒன்று வேண்டும். வேலூரோ, சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனையோ, ஆய்க்குடியோ, எங்கே இடம் கிடைக்கிறதோ போய்ச் சில வாரம் தங்கு. நான் போனது விழுந்து மூன்று வருஷம் கழித்து. அங்கே பக்கத்துக் கட்டிலில் இருந்தவன், பஞ்சர் ஒட்டுகிறவன், ஒரே வாரத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்ததை அந்த மூன்று வருஷத்தில் யாரும் கற்றுத்தரவில்லை.

10. வீடு. நம் ஊர் வீடுகளுக்குத் திண்ணை உயரம், நிலைவாசல் படி வேறு. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், அதுதான் சரிவுக்குக் கணக்கு. ஒன்றரை அடித் திண்ணைக்குப் பதினெட்டு அடி. கொத்தனார் "ஆறடி போதுமுங்க" என்பார். அவரை வீல்சேரில் உட்கார வைத்து அந்த ஆறடியில் ஏறச் சொல். பாத்ரூம் கதவு நம் பக்கம் இரண்டடிதான் இருக்கும், வண்டி நுழையாது. கதவைக் கழற்றிவிட்டுத் திரை போடு. நிலைவாசல் படிக்கட்டையை எடுக்கக்கூடாது என்று என் அம்மா ஒரு வருஷம் மல்லுக்கட்டினாள். ஒருநாள் அவளே ரம்பத்தோடு ஆசாரியைக் கூட்டிவந்தாள்.

11. காகிதம். ஊனச் சான்று, தேசிய அடையாள அட்டை இரண்டையும் முதலில் வாங்கு. கலெக்டர் ஆபீஸில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. தண்டுவடம் பாதித்தவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர், பேட்டரி வீல்சேர் எல்லாம் அங்கேதான். தராவிட்டால் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு. 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபி செய்கிறவர் வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடு. சாலை விபத்தென்றால் எஃப்.ஐ.ஆர். நகலும் டிஸ்சார்ஜ் சீட்டும் பத்திரம். நஷ்டஈட்டு வழக்கைத் தள்ளிப்போடாதே. எல்லாவற்றையும் ஐந்து ஜெராக்ஸ் எடு. ஆறாவது ஒன்று கேட்பார்கள், அது வேறு கதை.

12. வேலை. நான் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். இரண்டு போன், ஒரு நோட்டு. கொச்சிக்கு முட்டை இறக்கின வண்டிக்கு ரிட்டர்ன் லோடு பிடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. பேசுகிறவனுக்குக் கால் இருக்கிறதா என்று எந்த டிரைவரும் இதுவரை கேட்டதில்லை. சங்ககிரியில் பார்த்துவைத்த பழைய பழக்கம்தான் மூலதனம். அதனால் விழுவதற்கு முன் உனக்கு என்ன தெரியும் என்று முதலில் யோசி. ரிக் வண்டியில் இருந்தவனுக்கு எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் என்பது தெரியும், ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் அவன் கில்லாடி. காலால் மிதிக்கிற தறி நமக்கு ஆகாது, தார் சுற்றலாம். தையல் மெஷினில் மோட்டார் வைத்துக்கொள்ளலாம். சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை வேலை உட்கார்ந்து செய்வதுதான். ஆனால் சிவதாபுரத்தில் ஒருவன் பற்றவைக்கும்போது சூடான துண்டு தொடையில் விழுந்தது தெரியாமல் கொலுசை முடித்துவிட்டுத்தான் கருகின வாசம் பார்த்தான். மடியில் தடித்த தோல் போட்டுக்கொள். எந்த வேலையானாலும் போனில் இருபது நிமிஷத்துக்கு ஒரு மணி வை, அடித்தால் உடம்பைத் தூக்கு. மும்முரத்தில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து சம்பாதித்த காசு ஐந்து மாதப் படுக்கையில் போய்விடும்.

13. வீட்டுக்காரியின் முதுகும் முதுகுதான். உன்னைத் தூக்கித் தூக்கி அவளுக்குத் தேய்ந்தால் அப்புறம் இரண்டு பேரும் படுக்கை. பலகை வைத்து நீயே நகரப் பழகு. கல்யாண வாழ்க்கை முடிந்தது என்று எவன் சொன்னாலும் நம்பாதே. ஆண்களுக்குச் சிக்கல் உண்டு, அதற்கு வைத்தியமும் உண்டு, வெட்கப்படாமல் கேள். பெண்களுக்கு மாதவிடாய் சில மாதம் நின்று திரும்ப வரும், பிள்ளையும் பெறலாம். பிரசவம் மட்டும் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கட்டும், ஆறாம் எண்ணில் சொன்னது அப்போது வரலாம்.

பெண்பிள்ளைகளை வீட்டுக்குள் மறைத்து வைப்பது இன்னும் நடக்கிறது. தமிழ்நாட்டு ஜூனியர் பெண்கள் கிரிக்கெட் அணிக்குக் கேப்டனாக இருந்த ப்ரீத்தி ஸ்ரீனிவாசன் 1998-ல், பதினெட்டு வயதில், புதுச்சேரிக் கடலில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவை இழந்தவர். திருவண்ணாமலையில் 2013-ல் சோல்ஃப்ரீ என்று நம்மைப் போன்றவர்களுக்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். உன் அப்பா "வெளியில தெரிஞ்சா" என்று இழுத்தால் இந்தப் பெயரைச் சொல்.

14. வெளியே வா. திருச்செங்கோட்டு மலைக்குப் படியேற முடியாது, மேலே வரை ரோடு இருக்கிறது. கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு, பக்கச் சக்கர ஸ்கூட்டரில் நான் போனதில்லை, போன பயலை எனக்குத் தெரியும். அவனைத் திட்டியும் இருக்கிறேன், பொறாமையும் பட்டிருக்கிறேன். ஓமலூர்ப் பக்கம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினாரே, அந்தப் பாராலிம்பிக் எங்கிருந்து முளைத்தது தெரியுமா? அவருக்குக் காலில்தான் குறை. ஆனால் அந்தப் பந்தயத்தை ஆரம்பித்தது நம் ஆட்கள். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் குட்மன் என்ற டாக்டர், போரில் தண்டுவடம் போன சிப்பாய்களை ராத்திரியும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வைத்துப் பிழைக்க வைத்தார். 1948 ஜூலையில் பதினாறு பேரை வீல்சேரில் உட்கார வைத்து வில் விடச் சொன்னார். அங்கிருந்து வளர்ந்ததுதான். இரண்டாம் எண்ணில் நான் சொன்ன இரண்டு மணி நேரமும் அந்தக் காலத்துப் பழக்கம்தான்.

ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக்க 2025-ல் சட்டம் திருத்தியிருக்கிறார்கள். உன் ஊரில் அந்த நாற்காலி யாருக்கு என்று விசாரி. நாற்காலி நம்மிடமே இருக்கிறது, அவர்கள் இடம் விட்டால் போதும்.

15. ஊரில் யாராவது விழுந்தால் உன் குரல் முதலில் கேட்க வேண்டும். என்னை நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, வண்டி சீட்டில் உட்கார வைத்து, தலை ஆட ஆடக் கொண்டுபோனார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். கால் அசைகிறதா, மரத்திருக்கிறதா என்று கேள். தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி நாலைந்து பேர் சேர்ந்து மரக்கட்டையை உருட்டுவதுபோல உருட்டிக் கதவுப் பலகையில் ஏற்று. 108 வருகிற வரைக்கும் தலையை ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்கட்டும். கிணற்று மேட்டில் கைப்பிடிச் சுவர் கட்டச் சொல்லி ஊர்க்கூட்டத்தில் கேள், எரிச்சல் பட்டாலும் பட்டுக்கொள்ளட்டும்.

16. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். சரிவு பதினெட்டு அடி, தள்ள ஆள் வேண்டாம். வரும்போது உன் குஷனைக் கொண்டுவா, காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீல்சேர் டயருக்கு அடிக்கிற பம்ப் என்னிடம் இருக்கிறது, வாயில்தான் கொஞ்சம் லூஸ். பிடித்துக்கொண்டு அடித்தால் ஏறும்.